தும்பியை வினாவிய சிறுவர்: 'பிளாக்கோற்றன் தேனீக்கள்' என்னும் ஆராய்ச்சிக் கட்டுரை பற்றிய ஒரு மதிப்பீடு

தும்பியை விளித்து வினாவும் மரபு தமிழிலே மிகப் பழையது. குறுந்தொகையின் இரண்டாஞ் செய்யுளிலே தலைவன் ஒருவன் தும்பியை முன்னிறுத்தி, தன் தலைவியின் கூந்தலினும் நறுமணமுடைய பூவை அஃது அறிந்ததுண்டோ என வினாவுகின்றான். தனக்கு இனிமையாயிருப்பதைக் கூறாது, தான் கண்டறிந்ததையே கூறும்படி அதனை வேண்டவுஞ் செய்கின்றான். இறையனார் பெயரில் வழங்கும் அச்செய்யுளைச் சூழ்ந்து நக்கீரர் கதை எழுந்தமை யாவரும் அறிந்ததே. அக்கதையின் ஆரவாரத்திலே ஒன்று மட்டும் கவனியாது விடப்படுகின்றது. தலைவன் தும்பியின் விடைக்காகக் காத்து நிற்கவில்லை. விடை அவனுக்கு முன்னரே தெரியும். காதற் செய்யுளுக்கு அது குற்றமன்று, அதன் சுவையே அதுதான். பாடசாலை விஞ்ஞானத்திலோ அந்நிலை பெருங்கேடு. பரிசோதனைக் கூடத்தினுள் நுழையுமுன்னரே முடிவைப் பாடநூலிற் படித்துக்கொண்டு, அம்முடிவுக்கு இயையத் தன் அவதானத்தைத் திருத்தி எழுதும் மாணவனும் தும்பியை வினாவுபவனே. ஆயின் தும்பி யாது கூறினும் அவனுக்கு அது வேண்டியதில்லை.

தும்பியை வினாவியபின் அதன் விடைக்காக உண்மையாகவே காத்திருந்த சிறுவர் சிலரின் எழுத்து ஈண்டு ஆராயப்படுகின்றது. 2010 ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்திலே, இலண்டன் ரோயல் சொசைற்றியின் வெளியீடாகிய 'பயோலொஜி லெற்றர்ஸ்' என்னும் சஞ்சிகை 'பிளாக்கோற்றன் தேனீக்கள்' என்ற தலைப்பிற் கட்டுரையொன்றை வெளியிட்டது. அதனை ஆக்கியோர் இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் பகுதியிலுள்ள பிளாக்கோற்றன் என்னும் சிற்றூரின் ஆரம்பப் பாடசாலையிற் பயின்ற 25 பிள்ளைகள். அவர்களின் வயது 8 முதல் 10 வரை. அவர்களுக்குத் துணைநின்றவர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த நரம்பியல் விஞ்ஞானி போ லொற்றோ. பாடசாலையின் தலைமையாசிரியரும் அவருடன் சேர்ந்து இக்கல்வி முயற்சியை வகுத்தார். ஆசிரியர் பெயர்வரிசையின் தலையிலே பாடசாலையே ஓர் ஆளைப்போல முதலெழுத்துக்களுடன் நிற்கின்றது. அச்சிறு குறும்பு பின்னே வரப்போகும் நடைக்கு நல்ல முன்னறிவிப்பு.

இக்கட்டுரை வெளிவந்தபொழுது பெரும்பாலும் வியப்பே அதற்குப் பரிசாகக் கிடைத்தது. சிறு பிள்ளைகள் இவ்வளவு செய்தனரே என்னும் வியப்பு அன்பின்பாற்படும், மதிப்பீட்டின்பாற்படாது. பெரியோர் எழுத்தோடு ஒரே சஞ்சிகையில், ஒரே வரிசையில் வைக்கப்படவேண்டும் என்று வேண்டிநிற்கும் எழுத்தைத் தலையைத் தடவி அனுப்பிவிடுதல் அதனை மதியாமையே ஆகும். ஆகவே ஆராய்ச்சி என்ற வகையிலும், எழுத்து என்ற வகையிலும், சிறுவர்க்கு விஞ்ஞானம் புகட்டும் முறை என்ற வகையிலும் அதனை நோக்குதல் முறை.

முதலில் ஆராய்ச்சி. ஊரின் பழைய நோர்மன் காலத்துத் தேவாலயம் ஒன்றினுள்ளே, பக்கம் ஒவ்வொன்றும் ஒரு மீற்றர் அளவினதாகிய, ஒளிபுகும் பிளாத்திக்குப் பெட்டியொன்று வைக்கப்பட்டது. அதனுள் விடப்பட்டவை 'பம்பிள்' என வழங்கும், உரோமம் அடர்ந்த பருத்த உடலையுடைய தேனீக்கள். இவ்வினம் இலங்கையில் இயற்கையாக வாழ்வதில்லை. இந்நாட்டு வீட்டு வளைகளைத் துளைக்கும் கருவண்டோடு இதனை மயங்குதல் கூடாது. பெட்டியின் ஒரு புறத்திலே ஒளிப்பலகை அமைந்தது. அது நான்கு கூறுகளாக வகுக்கப்பட்டு, கூறொன்றுக்கு 16 ஆக 64 ஒளிவட்டங்களைக் கொண்டிருந்தது. ஒவ்வொரு வட்டமும் ஒரு பூ. அதன் நடுவிலே நீர் வைத்தற்குரிய சிறு தண்டு. இரண்டு கூறுகளிலே நடுவிலுள்ள 4 வட்டங்கள் மஞ்சளாகவும் அவற்றைச் சூழ்ந்த 12 வட்டங்கள் நீலமாகவும் இருந்தன. மற்றை இரண்டிலும் நிறங்கள் இடம்மாறின. நடு வட்டங்களுக்குச் சென்ற தேனீக்குச் சீனிநீர் கிடைத்தது. புறவட்டங்களை நாடியதற்குப் பின்னர் உப்புநீரே கிடைத்தது.

இவ்வமைப்பின் நுட்பத்தைச் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். நீலத்துக்குப் போ என்றோ, மஞ்சளுக்குப் போ என்றோ தேனீ ஒரு விதியைக் கற்றுக்கொண்டால் அதன் முயற்சியிற் பெரும்பகுதி வீணாகும். ஒரு கூறிலே சீனி தரும் நிறம் மற்றொரு கூறிலே உப்பைத் தருகின்றது. எனவே நிறத்தை மட்டும் நம்பிப் பயனில்லை. அந்நிறம் எதனாற் சூழப்பட்டிருக்கின்றது, கூறினுள் எங்கே அமைந்திருக்கின்றது என்பதும் அறியப்படல் வேண்டும். பயிற்சி முடிந்தபின், தண்டுகளிலே சீனியும் இன்றி உப்பும் இன்றி, தேனீக்கள் தனித்தனியே சோதிக்கப்பட்டன. சோதனையின்போது இனிப்பை நீக்கியது சிறிய செயலாகத் தோன்றும். உண்மையில் முழுச் சோதனையின் உயிரும் அதிலேதான் தங்கியிருக்கின்றது. சீனி இருக்குமாயின் தேனீ கண்ணால் அறிந்து சென்றதா, வேறு வழியால் அறிந்து சென்றதா என்ற ஐயம் ஒருபொழுதும் நீங்காது.

இதனினும் மேலானது பிள்ளைகள் அடுத்துச் செய்தது. முதற் சோதனையிலே தேனீக்கள் நடு வட்டங்களைச் சரியாகத் தெரிந்தெடுத்தன. அத்துடன் முடித்துக்கொண்டிருந்தால் ஒருவரும் குறைகூறியிருக்கமாட்டார். ஆயின், நடுவிற்குப் போ என்னும் எளிய விதியைக் கொண்டே அவை வென்றிருத்தல் கூடும் அன்றோ? ஆகவே நடு வட்டங்கள் நான்கையும் பச்சையாக்கி மீண்டும் சோதித்தனர். நடுவை மட்டும் கற்ற தேனீ பச்சைக்கும் போகும். நிறத்தையும் உடன் கற்றது தடுமாறும். இவ்வாறு தமது வெற்றியைத் தாமே ஐயுற்று, அதனைக் கவிழ்க்கக்கூடிய சோதனையைத் தேடிச் செல்லுதல் பட்டம் பெற்றோரிடத்தும் அரிதாகக் காணப்படும் பண்பு. நிறத்தையும் இட அமைப்பையும் சேர்த்துப் பயன்படுத்தியே தேனீக்கள் பூவைத் தெரிகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. தேனீக்கள் யாவும் ஒரே வழியைக் கையாளவில்லை, ஒவ்வொன்றுக்கும் தன்தன் விருப்பமும் வழியும் உண்டு என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. சராசரி எண்ணொன்றினுள் அவ்வேறுபாடுகளைப் புதைத்துவிடுதல் எளிதாயிருந்திருக்கும்.

குறை எங்கே? சோதிக்கப்பட்ட தேனீக்கள் சிலவே. புள்ளிவிபரவியல் முறையிலான கணிப்பு எதுவும் இல்லை. கட்டுரையுடன் அதே சஞ்சிகையில் விளக்கவுரை எழுதிய லோறன்ஸ் மலோனி, நற்றலி ஹெம்பெல் டி இபாறா என்னும் அறிஞர் இருவரும் இதனைச் சுட்டிக்காட்டினர்; அளவிற் சிறியதாயினும் சோதனை செம்மையாக அமைக்கப்பட்டது என்று ஏற்றுக்கொள்ளவுஞ் செய்தனர். எட்டு வயதுப் பிள்ளையிடம் புள்ளிவிபரவியலை எதிர்பார்த்தல் தகாது. ஆதலால் இக்குறை பெரிதன்று.

பெரிய குறை வேறொன்று. முன்னோர் ஆராய்ச்சி பற்றிய மேற்கோள் ஒன்றேனும் இக்கட்டுரையில் இல்லை. அதற்குரிய நியாயத்தை லொற்றோ தமது முன்னுரையிலே கூறுகின்றார். ஆராய்ச்சி நூல்களின் மொழி இவ்வயதினர்க்கு எட்டாதது. மேலும் பிள்ளைகளைத் தூண்டியது நூலறிவன்று, அவர்களின் சொந்த ஆவலே. எனவே மேற்கோள்களைச் சேர்த்தல் நேர்மையாகாது என்பது அவர் கருத்து. நேர்மை பற்றிய பகுதி ஏற்கத்தக்கது. தாம் படியாத நூல்களைப் படித்ததுபோல அடியிலே அடுக்குவதிலும் வெறுமையே நன்று. ஆயின் நூலின் மொழி எட்டாது என்பதிலிருந்து அதன் பொருளும் எட்டாது என்பது பெறப்படுமா? எட்டாத மொழியிலுள்ளதை எட்டும் மொழியிலே எடுத்துக்கூறுவதற்கன்றோ ஆசிரியன் என்றொருவன் இருக்கின்றான்?

தேனீயின் கண் பற்றிய ஆராய்ச்சியின் வரலாறோ பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லுதற்கு மிகவும் ஏற்றது. 1910 ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரில், சாள்ஸ் ஹென்றி ரேணர் என்பவர் பூங்காவொன்றிலே நிறம் தீட்டிய அட்டைகளில் தேனை வைத்துத் தேனீக்கள் நிறத்தை அறியுமா எனச் சோதித்து எழுதினார். அவர் கறுப்பினத்தவர்; 1907 இலே சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் விலங்கியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். எனினும் பல்கலைக்கழகப் பதவி எதுவுமின்றி, 1908 முதல் 1922 வரை சம்னர் உயர்பாடசாலையில் ஆசிரியராயிருந்தே தம் ஆராய்ச்சியை நடத்தினார். பாடசாலையிலிருந்து உண்மையான ஆராய்ச்சி தோன்றுதல் 2010 இலே முதன்முறையாக நிகழ்ந்த அற்புதம் அன்று என்பதற்கு அவர் ஒருவரே போதிய சான்று. பிளாக்கோற்றன் பிள்ளைகள் அவர் பெயரை அறிந்திருப்பின் மகிழ்ந்திருப்பர்.

பின்னர் 1914 இலே கால் வொன் பிரிஷ் தமது பெயர்பெற்ற சோதனையை வெளியிட்டார். தேனீக்கள் நிறக்குருடு என்று மியூனிக் நகரத்துக் கண் மருத்துவ அறிஞர் கால் வொன் ஹெஸ் வற்புறுத்திவந்த காலம் அது. தேனீ நீலத்தை நாடினால் அது நீலநிறத்தை அறிந்து சென்றதா, அன்றி அதன் வெளிச்ச அளவை மட்டும் அறிந்து சென்றதா என்பதே வழக்கு. நிறக்குருடனுக்கும் நீலம் ஏதோ ஓர் அளவிலான சாம்பல்நிறமாகத் தோன்றுமல்லவா? வொன் பிரிஷ் ஒரு நீல அட்டையைச் சுற்றி, வெண்மை முதற் கருமை வரை பல படியான சாம்பல்நிற அட்டைகளைச் சதுரங்கப் பலகைபோல அடுக்கினார். சீனிநீர் நீல அட்டையின் மேலுள்ள கிண்ணத்தில் மட்டும் இருந்தது. அட்டைகளின் இடங்கள் மாற்றப்பட்டன. பின்னர் வெறுங் கிண்ணங்களை வைத்தபொழுதும் தேனீக்கள் நீலத்திலேயே குழுமின. சிவப்புக்குப் பழக்கியபொழுதோ அவை சிவப்பையும் கருஞ்சாம்பலையும் மயங்கின. அவ்வழக்கு இவ்வாறு தீர்ந்தது. 1973 இலே அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இக்கதையை எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல அரைமணி நேரம் போதும். சொல்லப்பட்டிருந்தால், தமது ஒளிவட்டங்களில் நீலமும் மஞ்சளும் நிறத்தால் வேறுபட்டனவா, வெளிச்சத்தாலும் வேறுபட்டனவா என்ற வினா அவர்களிடமிருந்தே எழுந்திருக்கும். பச்சை வட்டத்தை நினைந்த மூளைக்கு இது தொலைவன்று. முன்னோர் ஆராய்ச்சியைப் பிள்ளையின் ஆவலுக்கு எதிரியாக வைத்து எண்ணியமையே லொற்றோவின் பிழை.

அம்முன்னுரையின் நடையும் பிள்ளைகளின் நடைக்கு ஈடாகவில்லை. விஞ்ஞானம் விளையாட்டின் வேறன்று, விதிகள் சேர்ந்த விளையாட்டே அது என்னும் அவர் கருத்து நல்லதே. ஆயின் அதனைச் சொல்லும் வாக்கியங்கள் மேடையேறி நிற்கின்றன. பிள்ளைகளோ கீழே நின்று வேலை செய்கின்றனர்.

எழுத்து என்ற வகையில் நோக்கும்பொழுது இக்கட்டுரையின் தனிச்சுவை அங்கேதான் புலப்படும். ஆராய்ச்சிக் கட்டுரைக்கு 'முன்னொரு காலத்திலே' என்னும் கதைத் தொடக்கம். புதிரை விளக்கும் பகுதியின் தலைப்பிலே திரைப்படங்களில் வரும் பயமூட்டும் இசையின் ஒலிக்குறிப்பு. தேனீக்களைக் குளிர்ப்பெட்டியில் வைத்ததைக் கூறுமிடத்து அவற்றைக் கொண்டு பலகாரம் செய்ததாக ஒரு பகிடி. பயிற்சி போதாமல் தேனீக்கள் சோதனையிலே தோற்றுவிட்டால் அது பெருங்கேடாகும் என்ற கவலையையும் மறையாது எழுதியிருக்கின்றனர். பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்பிய தாயின் கவலை அது. இவையெல்லாம் விஞ்ஞான நடைக்கு அடுக்குமா என வினாவுவார் உளர். அவர்கள் செய்முறைப் பகுதியைப் படித்தல் வேண்டும். எத்தனை வட்டம், எந்நிறம், எத்தண்டிலே எந்நீர், ஏன் அவ்வாறு வைக்கப்பட்டது என்பவற்றுள் ஒன்றேனும் மயக்கத்துக்கு இடமாக விடப்படவில்லை. பகிடி செம்மையைக் கெடுக்கவில்லை. செம்மை பகிடியை நசுக்கவும் இல்லை.

இதனை ஈழத்துப் பாடசாலைகளின் பரிசோதனைக் குறிப்பேட்டோடு ஒப்பிடாதிருத்தல் ஆசிரியர் எவர்க்கும் இயலாது. நோக்கம், உபகரணம், செய்முறை, அவதானம், முடிவு என்னும் ஐந்து தலைப்புக்கள் அங்கே கோடிட்டுக் காத்திருக்கும். எடுக்கப்பட்டது, ஊற்றப்பட்டது, வெப்பமேற்றப்பட்டது, அவதானிக்கப்பட்டது என்று செயப்பாட்டுவினைகள் அணிவகுத்துச் செல்லும். அவதானித்தவர் யார் என்பது மட்டும் எங்கும் காணப்படாது. நாற்பது ஏடுகளிலும் ஒரே வாக்கியம், ஒரே முடிவு. சில வேளைகளில் ஒரே எழுத்துப்பிழை. இவ்வடிவம் பிறந்ததற்கு நல்ல காரணம் உண்டு. செய்தவர் எவராயினும் செயல் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்பதே அது. ஆயின் செயலின்றி வடிவம் மட்டும் எஞ்சும்பொழுது, காணாததைக் கண்டதாக எழுதும் பழக்கத்தைப் பத்து வயதிலேயே அது பயிற்றிவிடுகின்றது. பிளாக்கோற்றன் கட்டுரையிலே 'நாங்கள்' என்னும் எழுவாய் தன் வினையை விட்டு அகலவில்லை. எங்கள் ஐயத்தால் இதைச் செய்தோம், இது நிகழ்ந்தது, இதனால் இவ்வாறு நினைக்கின்றோம் என்று பொறுப்பேற்கும் எழுவாய் அது.

எனினும் அந்த 'நாங்கள்' பற்றியே ஓர் ஐயத்தை எழுப்புதல் வேண்டும். பிள்ளைகள் கூறியவற்றை எழுத்தில் அமைத்தவர் லொற்றோ. சிறு குழுக்களாக அவர்களை ஊரின் மதுச்சாலையில் இருத்திக் கேட்டெழுதியதாக அவரே சொல்கின்றார். (திடுக்கிட வேண்டியதில்லை, ஆங்கிலக் கிராமத்து மதுச்சாலை ஊரவர் குடும்பத்தோடு உணவருந்தும் இடமுமாகும்.) தேனீக்களைப் பயிற்றியவரும் அவரே. இவற்றை அவர் ஒளிக்கவில்லை என்பது அவருக்குப் பெருமை. ஆயினும் இருபத்தைந்து வாய்களிலிருந்து வந்த சொற்கள் ஒரு கையின் வழியாக ஒரே குரலாகிவிட்டன. பச்சை வட்டம் யாருக்கு முதலிலே தோன்றியது? அதனை எதிர்த்தவர் உண்டா? தவறான கருதுகோள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பின்னர் விட்டவர் யார்? கட்டுரையில் இவற்றுக்கு விடையில்லை. சிறுவர் விஞ்ஞானம் கற்கும் வழியை அறிய விரும்பும் ஆசிரியனுக்கு வேண்டியவை இவையே.

இவ்விடத்திலே பிரான்சு நாட்டு முயற்சியொன்று மேலாகத் தோன்றுகின்றது. 1992 இலே பௌதிகத்துக்கான நோபெல் பரிசு பெற்ற ஜோர்ஜ் சார்பக் முதலியோர் 1996 இலே அங்கு ஆரம்பப் பாடசாலைகளிற் செயல்வழி விஞ்ஞானக் கல்வியைத் தொடங்கினர். அதன்படி ஒவ்வொரு பிள்ளையும் தன் சொற்களாலும் தன் படங்களாலும் நிரப்பும் குறிப்பேடு ஒன்று உண்டு. வகுப்பு முழுவதும் கூடி ஒப்புக்கொண்ட முடிவும் அதே ஏட்டில் இடம்பெறும். பிள்ளை தனக்கென எழுதியதை அது அழித்துவிடுவதில்லை. இரண்டும் அருகருகே கிடக்கும்பொழுது தன் எண்ணம் எங்கே திரும்பியது என்பதைப் பிள்ளையே பின்னர் காணலாம். பிளாக்கோற்றன் கட்டுரையிலே அத்தனிக்குரலுக்கு ஓரளவு ஈடாக நிற்பவை பிள்ளைகள் நிறப்பென்சிலால் வரைந்த படங்களே. சஞ்சிகை அவற்றைத் திருத்தி வரையாமல் வெளியிட்டது.

தொழினுட்பத்தைப் பற்றிச் சிறிது. அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகம் 1999 இலே 'பக்ஸ்கோப்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. மாணவர் தாம் பிடித்த பூச்சிகளை அனுப்பிவைத்து, தம் வகுப்பறையிலிருந்தே இணையத்தின் வழியாக இலத்திரன் நுணுக்குக்காட்டியை இயக்கி அவற்றைப் பார்த்தனர். ஈயின் கண்ணிலுள்ள ஆயிரக்கணக்கான சிறுமுகங்கள் தெரியும். காலின் மயிர் ஒவ்வொன்றும் தெரியும். ஆனால் அக்கால் அசையாது. பிளாக்கோற்றன் ஒளிப்பலகையோ அவ்வளவு அரிய கருவியன்று. எனினும் அதன் எதிரே உயிருள்ள தேனீ ஒன்று முடிவெடுக்கின்றது. அம்முடிவு எவ்வாறாகும் என்பது பல்கலைக்கழகத்தாருக்கும் முன்னரே தெரியாது. கருவியின் விலையால் அன்று, அது விட்டுவைக்கும் ஐயத்தின் அளவாலேயே அதனை மதித்தல் வேண்டும். தொல்காப்பிய மரபியல் தும்பியை நாலறிவுயிராக வகுத்து, நான்காவது அறிவைக் கண்ணுக்கு உரியதாக்கியது. அக்கண் எவ்வளவு காணும் என்பதைத் தும்பி உயிரோடிருக்கும்பொழுதே அதனிடம் கேட்டறியலாம்.

உயிருள்ளதைக் கையாள்வதில் அவ்வுயிர்க்குரிய கடப்பாடும் உடன்வருகின்றது. தேனீக்களை இனங்காண நிறப்பொட்டு இடவேண்டியிருந்தது. அதற்காகக் குளிரூட்டி அவற்றின் இயக்கத்தை மந்தப்படுத்தினர். தேனீ எதற்கும் தீங்கு நேரவில்லை என்று பிள்ளைகள் தாமாகவே எழுதியிருப்பது கவனிக்கத்தக்கது. ஆயின் அவர்களின் தொடக்கவுரையிலே மறுத்தற்குரிய கருத்தொன்று உண்டு. விலங்குகளும் அறிவுடையன என்று கண்டால் மனிதர் அவற்றை மேலும் மதிப்பர், அவற்றுக்கு உதவவும் முன்வருவர் என்கின்றனர். அன்பினாற் பிறந்த எண்ணமாயினும் அது வழுக்குநிலம். புதிரை விடுவித்த தேனீ மதிப்புக்குரியதாயின், தடுமாறிய தேனீயின் கதி யாது? ஆசிரியர் இவ்விடத்திலே ஒரு வினாவை எழுப்பியிருக்கலாம். வகுப்பிலே கடைசி வாங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு அவ்வினா நன்றாக விளங்கியிருக்கும்.

வொன் பிரிஷின் அட்டைச் சோதனைக்கு ஒளிப்பலகை வேண்டியதில்லை; மின்சாரமும் வேண்டியதில்லை. சீனிநீருக்கு வந்து பழகும் தேனீ இலங்கையிலும் உண்டு. ஒரு நீலத்தாள், வெவ்வேறு கருமையுடைய சாம்பல்நிறத் தாள்கள் ஒரு பதினைந்து, ஒரே வகையான சிறு கண்ணாடிக் கிண்ணங்கள், காற்றொதுக்கான முற்றமொன்றிலே ஒரு மேசை, சில நாட்காலைகள் ஆகியவற்றைக் கொண்டு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அவ்வழக்கை மீண்டும் விசாரித்துப் பார்க்கலாம். இறுதி நாளிலே கிண்ணங்களைக் கழுவி வெறுமையாக வைத்துவிட்டு, எந்தத் தாளிலே எத்தனை தேனீ வந்து அமர்ந்தது என்பதை ஒவ்வொருவரும் மற்றவர் ஏட்டைப் பாராமல் எழுதிக்கொள்ள வேண்டும்.